17-க்கு மேல் ஏறாத கட்டம்: டெல்டா அரிசி ஆலை ஒன்றின் மென்பொருள் முடிவுகள்

2023 மாசிக் கடைசியில், திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் இடையே உள்ள ஓர் அரிசி ஆலையிலிருந்து போன் வந்தது. பேசியது முதலாளியின் மகள். இரண்டு வருஷமாக அலுவலகத்தை அவர்தான் கவனிக்கிறார். "சார், புது சாப்ட்வேர் போட்டு ரெண்டு மாசம்தான் ஆவுது. அரவைக் கணக்குல அரிசி குறைஞ்சுகிட்டே போவுது. அப்பா பாய்லர் ஆளுங்க மேல சந்தேகப்படறாரு. ஒருதடவை வந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

டெல்டாவில் ஆலைகளுக்கும் உரக்கடைகளுக்கும் கணக்கு மென்பொருள் அமைத்துக் கொடுப்பது என் தொழில். இந்த ஆலைக்குப் பழைய மென்பொருளைப் போட்டுக் கொடுத்தது நான்தான். புதியது வேறொரு நிறுவனத்துடையது. அதனால் என் பார்வையில் ஒரு சாய்வு இருக்கலாம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு நாள் அங்கே உட்கார்ந்து பார்த்ததை, முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். தகவல் அமைப்பு மேலாண்மை படிக்கிற நம் பிள்ளைகளுக்கு அமெரிக்க, ஜெர்மன் நிறுவனங்களின் கதைகள்தான் பாடமாக வருகின்றன. அதே மாதிரி முடிவுகள் நம் நெல் களத்திலும் எடுக்கப்படுகின்றன. அவற்றால் அவதிப்படுகிறவர்கள் நமக்குப் பேர் தெரிந்த ஆட்கள்.

ஆலையும் அதன் கணக்கும்

இது புழுங்கல் அரிசி ஆலை. அரசு நெல்லை அரைத்துக் கொடுக்கும் அரவை முகவர் வேலை இவர்களுக்குக் கிடையாது. விவசாயிகளிடமும் நெல் வியாபாரிகளிடமும் நேரடியாக வாங்கி, அவித்து, அரைத்து, சொந்தப் பெயர் போட்ட பையில் கடைகளுக்கு அனுப்புகிறார்கள். குறுவைக்கு ஏ.டி.டி. 43 மாதிரி குறுகிய கால ரகங்கள் வரும். சம்பாவில் பெரும்பாலும் சி.ஆர். 1009, பேச்சில் வெறும் 'ஆயிரத்து ஒன்பது'.

எந்த லோடு வந்தாலும் அதை முதலில் தொடுவது கணக்குப்பிள்ளையின் கை. முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே இருக்கிறார். குத்தூசியால் நாலைந்து மூட்டையில் குத்தி நெல்லை எடுப்பார். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதி, எவ்வளவு கருக்காய் (உள்ளே அரிசி பிடிக்காத பதர்) பறக்கிறது என்று பார்ப்பார். இரண்டு மணியை வாயில் போட்டுக் கடிப்பார். காய்ந்த நெல் 'டக்' என்று உடையும், ஈர நெல் பல்லில் நசுங்கும். அப்புறம்தான் ஈரம் பார்க்கிற மீட்டர். மீட்டர் காட்டுகிற எண்ணும் அவர் வாய் சொல்கிற எண்ணும் அரைப் புள்ளிக்குள் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிறகு சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துப் பென்சிலால் ஒரு வரி எழுதுவார்: ஊர், ரகம், ஈரம், கருக்காய், மூட்டைக்கு எவ்வளவு குறை. அதையே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். சீட்டோடு வண்டி எடை மேடைக்குப் போகும்.

இங்கே அந்த ஆலையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முழுச் சிக்கலும் அதைச் சுற்றித்தான் நடந்தது. ஈரத்துக்காக அவர்கள் எடையில் கை வைப்பதில்லை. எடை என்பது விவசாயி தன் கண்ணால் பார்த்த எண். மேடை காட்டிய எண்ணிலிருந்து ஐந்து கிலோ கழித்தாலும் சண்டை வரும், அந்த ஊர்க்காரர்கள் அடுத்த போகத்துக்கு வேறு ஆலைக்குப் போய்விடுவார்கள். அதனால் எடையை அப்படியே எழுதிவிட்டு, மூட்டை விலையில் குறைப்பார்கள். "எடை உங்களுது, விலையைப் பேசிக்கலாம்" என்று கணக்குப்பிள்ளை வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லுவார்.

நோட்டு, துண்டுச் சீட்டு, அவர் நாக்கு, எடை மேடை, கடைசியில் அலுவலகத்துக் கணினி. இவை எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஆலையின் தகவல் அமைப்பு. முதலாளியைக் கேட்டால் கணினியை மட்டும் காட்டுவார்.

ஏன் புதிதாக வாங்கினார்கள்

வாங்கியதில் தப்பில்லை. காரணங்கள் வலுவானவை.

2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பை கட்டி லேபிள் போட்ட அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு முன்னால் பதிவு செய்த பிராண்டு அரிசிக்குத்தான் வரி. புதிய வரி 25 கிலோ வரையுள்ள பைக்கு மட்டும். 25 கிலோ பை 1,200 ரூபாய் என்றால் வரி 60 ரூபாய். வாங்குகிறவர் அந்த அறுபதைக் கடைக்காரரிடம் கேட்பார், கடைக்காரர் ஆலையிடம் கேட்பார். தமிழ்நாட்டுக் கடைகளில் 26 கிலோ பை வந்து உட்கார்ந்தது இப்படித்தான். இந்த ஆலையும் மாறியது. ஆனால் பழைய மென்பொருளில் அரிசி இருப்பு பை எண்ணிக்கையில் இருந்தது. குடோனில் இரண்டு பையும் கலந்து கிடந்தபோது ஒவ்வொரு ஆயிரம் பைக்கும் ஒரு டன் இடிக்கும். ஆடியில் தொடங்கிய குழப்பம் ஐப்பசி வரை தீரவில்லை. அதை அமைத்தபோதே கிலோவை அடிப்படையாக வைத்திருக்க வேண்டும். அது என் தவறு.

இன்னொரு காரணம் கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல், ஆலை அலுவலகத்தின் கூரை ஷீட்டைத் தூக்கிக்கொண்டு போனது. கணினி நனைந்தது. நகல் எடுத்து வைத்த ஹார்டு டிஸ்க் அதே மேசையின் இழுப்பறையில் இருந்தது, அதுவும் போனது. கணக்குப்பிள்ளையின் சீட்டுகளை வைத்துத்தான் விட்டுப்போன மாதங்களைத் திரும்ப ஏற்றினோம். மகள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது: கணக்கு கட்டடத்துக்கு வெளியே, கிளவுடில் இருக்க வேண்டும். கணக்குப்பிள்ளை எடுத்துக்கொண்டது: கரண்ட் இல்லாத அத்தனை நாளும் நோட்டுதான் ஓடியது. இரண்டு பேர் சொல்வதும் சரி. மென்பொருள் வாங்க உட்கார்ந்தபோது ஒருவரைத்தான் கேட்டார்கள்.

ஆலை பிரைவேட் லிமிடெட் என்பதால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தடம் இருக்க வேண்டும் என்ற விதியும் பக்கத்தில் வந்து நின்றது. ஆக, மாற வேண்டிய நேரம்தான்.

வாங்கிய விதம்

தேர்ந்தெடுத்த புரோகிராம் அரிசி ஆலைகளுக்கென்றே எழுதப்பட்டது. நல்ல புரோகிராம், இதை மனதாரச் சொல்கிறேன். எடை மேடையிலிருந்து எண் நேராகத் திரைக்கு வரும், கையால் அடிக்க வேண்டாம். அந்த ஒரு வசதி முதல் நாளிலிருந்து பிசகாமல் ஓடியது. ஆனால் அதைப் போட்டிருந்த ஆலைகளில் அதிகமானவை அரசு நெல்லை அரைக்கும் அரவை முகவர்கள். அவர்களுடைய வேலைக்குத் தகுந்த விதிகள் புரோகிராமுக்குள் ஆணி அடித்தது மாதிரி இருந்தன. அதை யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

செய்து காட்டிய நாளில் அலுவலக அறையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஒரே ஒரு லோடை ஏற்றிக் காட்டினார்கள். ஈரம் 15 என்று போட்டார்கள். எல்லாம் வரிசையாக ஓடியது. கணக்குப்பிள்ளை அப்போது வெளியே வண்டி பார்த்துக்கொண்டிருந்தார். "தொந்தரவு பண்ண வேணாம்னு கூப்பிடல சார்" என்று மகள் பின்னால் என்னிடம் சொன்னார். அக்கறையோடுதான் அப்படிச் செய்திருக்கிறார். அந்த ஒரு மணி நேரம் அவரைத் தொந்தரவு செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

தொடங்கும் நாளைக் குறித்தது முதலாளி. 2023 ஜனவரி 15, தை முதல் நாள். "போகியோட பழசைக் கழிச்சுட்டோம், தை பொறந்தா வழி பொறக்கும்" என்றாராம். பழைய மென்பொருளில் பதிவு போடுவதைப் போகியன்றே நிறுத்திவிட்டார்கள். இரண்டையும் ஒரு மாதம் சேர்த்து ஓட்டுவது பற்றிப் பேச்சு வந்திருக்கிறது, இரட்டை வேலை என்று தள்ளிவிட்டார்கள். டெல்டாவில் தை மாதம் என்றால் சம்பா அறுவடை. வருஷத்திலேயே அதிக வண்டி நிற்கிற மாதம். கும்பிடுவதற்கு நல்ல நாள்தான், புதுக் கணினியைப் பழகுவதற்கு அதைவிட மோசமான நாள் கிடையாது.

இன்னொரு விஷயம் ஒப்பந்தத் தாளில் இருந்தது. எந்தக் கட்டத்தில் எந்த எண் வரை ஏற்கலாம் என்ற வரம்புகளை மாற்றும் பாஸ்வேர்டு மென்பொருள் நிறுவனத்திடம் மட்டும் இருக்கும். பாதுகாப்புக்கு நல்லது என்று எல்லாரும் தலையாட்டியிருக்கிறார்கள்.

மழை வந்த வாரம்

அந்த வருஷம் பிப்ரவரி முதல் நாட்களில் டெல்டாவில் பருவம் தப்பி மழை கொட்டியது நினைவிருக்கும். அறுக்கத் தயாராக நின்ற சம்பாவும் தாளடியும் சாய்ந்து தண்ணீரில் கிடந்தன. மழை விட்டதும் கிடைத்த மிஷினை வைத்து அறுத்து, காய வைக்கக் களம் இல்லாமல் அப்படியே ஏற்றிக்கொண்டு வந்தார்கள். 19, 20, 22 என்று ஈரம்.

முதல் வண்டி மேடை ஏறியது. எடை வந்தது. எடை மேடையில் இருந்த தம்பி சீட்டைப் பார்த்து ஈரக் கட்டத்தில் 21 என்று அடித்தார். திரை சிவந்தது. 20 அடித்தார், சிவப்பு. 18, சிவப்பு. 17 அடித்ததும் அடுத்த கட்டத்துக்குப் போனது.

17 எங்கிருந்து வந்தது என்று டெல்டாவில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு அனுமதிக்கும் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். ஒவ்வொரு மழைக்கும் தளர்வு கேட்டு மாநில அரசு எழுதுவதும், மத்தியக் குழு வந்து நெல்லை அள்ளிப் பார்ப்பதும் நமக்குப் பழகிய காட்சி. அரசு நெல்லை அரைக்கிற ஆலைக்கு அந்த வரம்பில் அர்த்தம் உண்டு. ஈர நெல்லை விலை குறைத்து வாங்கிக் காயவைக்கிற தனியார் ஆலைக்கு அதில் எந்த அர்த்தமும் இல்லை. சொல்லப்போனால், கொள்முதல் நிலையத்தில் எடுக்காத ஈர நெல்தான் இங்கே தேடி வரும்.

தம்பி உதவி எண்ணுக்குப் போன் போட்டார். புகார் எண் கொடுத்தார்கள். பின்னால் டிராக்டர்கள் சாலை வரைக்கும் நின்றன. ஒவ்வொருவரும் மறுபடி மழை வருமோ என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அண்ணே, 17-க்கு மேல ஏற மாட்டேங்குது" என்று தம்பி கத்தியிருக்கிறார். கணக்குப்பிள்ளை அடுத்த வண்டியில் குத்தூசி போட்டபடியே, "சரி, 17-னே போடுப்பா. விலைய நான் சொல்றபடி போடு. ஈரத்தை நான் நோட்டுல எழுதிக்கறேன்" என்றார்.

அந்த நேரத்தில் அங்கே நின்ற யாரும் வேறு விதமாகச் செய்திருக்க முடியாது. நான் நின்றிருந்தாலும் 17-தான் போட்டிருப்பேன். விவசாயிக்குப் போக வேண்டிய காசு சரியாகப் போனது, அதனால் யாரும் முறையிடவில்லை. உதவி எண்ணிலிருந்து திரும்பக் கூப்பிட்டபோது மழை நெல் பாதிக்கு மேல் உள்ளே வந்துவிட்டது. "சமாளிச்சுட்டோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். மழை நெல் வந்து தீரும்வரை மென்பொருளைப் பொறுத்தவரை அந்த ஆலைக்கு ஈர நெல்லே வரவில்லை.

ஒரே காரணம், இரண்டு அறிக்கை

மாசிக் கடைசியில் இரண்டு அறிக்கைகள் முதலாளி மேசைக்கு வந்தன. கொள்முதல் அறிக்கையில் நல்ல சேதி: 17 சதவீத ஈரமுள்ள நெல்லைப் போன மாதத்தைவிட மலிவாக வாங்கியிருக்கிறோம். அரவை அறிக்கையில் கெட்ட சேதி: உள்ளே போன நெல்லுக்கு வர வேண்டிய அரிசி வரவில்லை. முதலாளி இரண்டையும் நம்பினார். மகளைப் பாராட்டினார். பாய்லர், ஊறல் தொட்டி, டிரையர் பக்கம் ராத்திரி ஷிப்டில் இருந்தவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்.

விசாரிக்கப்பட்டவர்களில் ஒருவர் அந்தப் பாய்லரோடு இருபது வருஷம் இருந்தவர். முதலாளியின் அப்பா காலத்து ஆள். கேட்டிலிருந்த வாட்ச்மேனிடம் அவருடைய சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாள் அவர் வேலைக்கு வரவில்லை. நான் போன அன்று வந்திருந்தார், யாரிடமும் பேசாமல் உமி தள்ளிக்கொண்டிருந்தார். நான்கு நாள் வேலையில் என் மனதில் அதிகம் தங்கியது அந்த முகம்தான்.

முதல் நாள் அரவைப் பக்கம் முழுக்கச் சுற்றினேன். தவிடு, குருணை, உமி எல்லாம் அரிசியோடு ஒப்பிட்டால் வழக்கமான விகிதத்தில்தான் இருந்தன. அரிசி மட்டும் தனியாகக் குறையவில்லை. திருடு போயிருந்தால் மீதி மூன்றும் நெல்லின் அளவுக்குச் சரியாக நின்றிருக்க வேண்டும். பார்த்தால், அவையும் அரிசியோடு சேர்ந்து அதே விகிதத்தில் குறைந்திருந்தன. அப்படியானால் சந்தேகப்பட வேண்டியது உள்ளே வந்த நெல்லின் எண்ணை.

இரண்டாம் நாள் கொள்முதல் பட்டியலைத் திரையில் விரித்தேன். மழைக்குப் பிந்தைய லோடுகளில் ஈரப் பத்தி மேலிருந்து கீழ் வரை 17, 17, 17, 17. எந்த நெல்லும் அப்படி வராது. வயலுக்கு வயல், ஒரே வண்டியில் மூட்டைக்கு மூட்டைகூட மாறும். எடை மேடைத் தம்பியைக் கூப்பிட்டேன். பயந்துகொண்டே வந்தார், கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கணக்குப்பிள்ளை ஒன்றும் பேசாமல் நோட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

ஒரு வரியை மட்டும் இங்கே விரித்துக் காட்டுகிறேன். ஆயிரத்து ஒன்பது, ஈரம் 21, மூட்டைக்கு 60 ரூபாய் குறை. திரையில் அதே வண்டி: 10,000 கிலோ, ஈரம் 17.

நெல்லை அரைப்பதற்கு 14 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவருவதாக மென்பொருள் கணக்கிடுகிறது. 17 சதவீத நெல் 10,000 கிலோவில் தண்ணீர் போக மிஞ்சும் பொருள் 8,300 கிலோ. 14 சதவீத ஈரத்தில் அது 9,651 கிலோ நெல்லாக நிற்கும். 21 சதவீத நெல்லில் மிஞ்சுவது 7,900 கிலோதான், அது 9,186 கிலோவாக நிற்கும். வித்தியாசம் 465 கிலோ. புழுங்கலுக்கு அரசு வைத்திருக்கும் கணக்கு நூறு கிலோ நெல்லுக்கு 68 கிலோ அரிசி. அதன்படி 316 கிலோ அரிசி, 26 கிலோ பையில் 12 பை. ஒரே வண்டியில் 12 பை அரிசி காகிதத்தில் பிறந்து, காகிதத்திலேயே காணாமல் போயிருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் போட்டுப் பார்த்தேன். 17-க்கும் 21-க்கும் உள்ள ஈர வித்தியாசத்துக்கு நியாயமான விலைக் குறைப்பு 4.8 சதவீதம். 60 கிலோ மூட்டை 1,200 ரூபாய் என்று வைத்தால் 58 ரூபாய். கணக்குப்பிள்ளை கடித்துப் பார்த்துப் பென்சிலில் எழுதியது 60. முதலாளி அந்த இரண்டு எண்ணையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து பாய்லர் பக்கம் போனார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் அந்தப் பெரியவர் எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

எந்த முடிவு யாருடையது

தப்பு மென்பொருளில் என்று முடித்துவிட்டால் எளிது. அடுத்த ஆலைக்கு அதனால் ஒரு பயனும் இருக்காது. ஈரக் கட்டத்தில் எந்த எண் வரை ஏற்கலாம் என்பது பார்ப்பதற்குக் கணினி வேலை. உண்மையில் அது 'எவ்வளவு ஈரமான நெல் வரைக்கும் நாம் வாங்குவோம்' என்ற கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் முதலாளி, ஆலோசனை சொல்ல வேண்டியவர் கணக்குப்பிள்ளை. பதில் சொன்னதோ, இந்த ஆலையைப் பார்க்காமலே புரோகிராம் எழுதிய யாரோ ஒருவர். அவர் எண்ணத்தில் தப்பில்லை. தன் முதல் வாடிக்கையாளருக்குச் சரியான எண்ணைத்தான் வைத்தார். ஜீன் ராஸ், பீட்டர் வெயில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002-லேயே இதை எழுதியிருக்கிறார்கள்: சில முடிவுகளைத் தொழில்நுட்ப ஆட்களிடம் விட்டுவிடக் கூடாது, நிர்வாகமே எடுக்க வேண்டும். அவர்கள் பெரிய நிறுவனங்களை மனதில் வைத்துச் சொன்னது, ஒரு எடை மேடைக்கும் அப்படியே பொருந்துகிறது.

தை முதல் நாள் விஷயத்துக்கு அமெரிக்காவில் ஓர் அண்ணன் உண்டு. ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 1990-களின் கடைசியில் 11.2 கோடி டாலர் செலவில் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களை ஒன்றாகப் போட்டது. 48 மாதம் வேண்டும் என்ற வேலையை 30 மாதத்தில் முடிக்கப் பார்த்தார்கள். ஏப்ரலுக்கு வைத்திருந்த தொடக்கம் தள்ளிப்போய் 1999 ஜூலையில் நடந்தது. அங்கே ஜூலைக்குப் பிறகுதான் ஹாலோவீன் பண்டிகைக்கு மிட்டாய் ஆர்டர்கள் குவியும். குடோனில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. அவர்களுக்கு ஹாலோவீன், நமக்குச் சம்பா அறுவடை. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கட்டும், நல்ல நாள் தையில் வரட்டும். ஆலையின் மென்பொருள் தொடங்க வேண்டியது களம் காலியாகக் கிடக்கிற வைகாசி, ஆனியில்.

எடை, விலை விஷயம் இதைவிட நுட்பமானது. ஜெர்மனியின் லிடில் கடைகள் 2011-ல் தொடங்கி, சுமார் 50 கோடி யூரோ போட்ட பிறகு, 2018-ல் எஸ்.ஏ.பி. மென்பொருள் திட்டத்தைக் கைவிட்டன. சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று, லிடில் தன் சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிடும், மென்பொருள் விற்கும் விலையில் மதிப்பிடும். யாருடைய வழக்கம் மாறுவது என்பதிலேயே வருஷங்கள் போயின. நம் ஆலையிலும் இதே கேள்விதான். மென்பொருள் ஈரத்தை எடைக்கான விஷயமாகப் பார்க்கிறது. கணக்குப்பிள்ளை அதை விலைக்கான விஷயமாகப் பார்க்கிறார். ஒரே எண் இரண்டு வேலை செய்யும்போது ஒரு வேலை சரியாக நடந்தால் போதும், மற்றது கெட்டுப்போனது தெரியாது. காசு சரியாகப் போனதால்தான் சரக்குக் கணக்கு தப்பானதை ஒரு மாசத்துக்கு மேல் ஒருவரும் பார்க்கவில்லை.

முன்னால் இருந்த வழிகள்

மூன்றாம் நாள் நால்வரும் உட்கார்ந்தோம், இந்த முறை கணக்குப்பிள்ளையும். பழைய மென்பொருளுக்கே திரும்பிவிடலாம் என்றார் முதலாளி. எனக்கு அது லாபம், இருந்தும் வேண்டாம் என்றேன். 26 கிலோ குழப்பமும் கஜா பயமும் அப்படியே திரும்பி வரும். எடையிலேயே கழித்துவிட்டால் மென்பொருளோடு ஒத்துப்போகும் என்றார் மகள். கணக்கில் அது சுத்தமான வழி. கணக்குப்பிள்ளை மெதுவாகத்தான் சொன்னார்: "பாப்பா, எடையில கை வச்சா அடுத்த போகத்துக்கு எந்த வண்டியும் இந்தப் பக்கம் திரும்பாது." மகள் உடனே ஒத்துக்கொண்டார். அவரிடம் எனக்குப் பிடித்த குணம் அது.

ஆகவே மென்பொருளை மாற்றச் சொன்னோம். நிறுவனத்தாரும் முகம் சுளிக்காமல் வந்து செய்து கொடுத்தார்கள். 17 என்ற தடை நீங்கியது. அதற்கு மேல் போட்டால் திரை 'உறுதியா' என்று ஒருமுறை கேட்கும், அவ்வளவுதான். சரக்கு ஏறும்போது மேடை எடையோடு, 14 சதவீதத்துக்குக் கொண்டுவந்த எடையும் தனிப் பத்தியில் ஏறும். அரவை அறிக்கை இரண்டாவதைப் பார்க்கும். விவசாயியின் சீட்டில் முதலாவது மட்டும் இருக்கும். வரம்புகளை மாற்றும் உரிமை மகளிடம் வந்தது, மாற்றினால் யார், எப்போது என்ற தடம் இருக்கும்.

பழைய 17-களை அழித்துவிட்டுச் சரியான எண்ணைப் போடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். 'நோட்டின்படி ஈரம்' என்று பக்கத்தில் ஒரு பத்தி போட்டு, எடை மேடைத் தம்பியையே உட்காரவைத்து, கணக்குப்பிள்ளை வாசிக்க வாசிக்க ஏற்றினோம். நடந்த தவறும் திருத்தமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். ஏற்றி முடித்ததும் அரவை அறிக்கையில் சிவப்பு கிட்டத்தட்ட முழுதும் போய்விட்டது. கொள்முதல் மலிவு என்ற நல்ல சேதியும் கூடவே போய்விட்டது. முதலாளி அதற்கும் சேர்த்துச் சிரித்தார்.

பேச்சில் இழுபறியானது ஒரே ஒரு இடம். கணக்குப்பிள்ளையின் நோட்டில் சில வரிகளில் ஈரத்துக்கும் விலைக் குறைவுக்கும் பொருத்தமே இல்லை. 22 ஈரத்துக்கு 30 ரூபாய்தான் குறைத்திருந்தார். கேட்டேன். "அவுங்க வயல்ல பாதி அழுகிப் போச்சு சார். மிச்சத்தையாவது எடுத்துக்கிட்டு வந்தாங்க" என்றார். பெரிய முதலாளி காலத்திலிருந்து அவருக்கு இருந்த அனுமதி அது, எங்கேயும் எழுதப்படாதது. இதை மென்பொருளில் எங்கே வைப்பது? நான் ஒரு தனிப் பத்தி கேட்டேன். முதலாளி முதலில் தயங்கினார், எழுத்தில் வந்தால் எல்லாரும் கேட்பார்களே என்று. ஒளித்து வைத்தால் அது மறுபடியும் யாரோ ஒரு தொழிலாளியின் தலையில் இழப்பாக விழும் என்றேன். பாய்லர் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சம்மதித்தார். 'விட்டுக்கொடுத்தது' என்று பத்திக்குப் பெயர் வைத்தது மகள்.

குறுவையில்

2023 ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள். ஆனால் அந்த வருஷம் காவிரியில் போதுமான தண்ணீர் வரவில்லை, கடைமடையில் குறுவை காய்ந்தது. வரத்து குறைவு. ஆலைக்கு அது கஷ்டமான போகம். மென்பொருளும் நோட்டும் ஒன்றாக ஓடின. சனிக்கிழமைதோறும் மகள் இரண்டையும் ஒப்பிட்டார். வித்தியாசம் வந்த வரிகளில் பாதி தட்டச்சுத் தவறு, சில மீட்டரின் தவறு. மீட்டரைச் சரிபார்க்க அனுப்பினார்கள்.

புரட்டாசியில் ஒருநாள் நான் போயிருந்தபோது, திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் டிராக்டரில் கொஞ்சம் நெல் கொண்டுவந்திருந்தார். கருக்காய் அதிகம். எடை போட்டு, அச்சடித்த சீட்டைத் தம்பி நீட்டினார். பெரியவர் கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். எடை, ஈரம், கருக்காய், குறை. கடைசி வரியில் விரல் நின்றது.

"இது என்னப்பா, விட்டுக்கொடுத்ததுன்னு போட்டு இருவது ரூவா? என் காசுல இன்னும் இருவது புடிக்கிறீங்களா?"

கணக்குப்பிள்ளை பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு கிட்டே வந்தார். "இல்ல மாமா. அது புடிக்காம விட்டது."

பெரியவர் சீட்டை மறுபடி ஒருமுறை மேலிருந்து படித்தார். மடித்து மடியில் வைத்துக்கொண்டு, வண்டியை மேடையிலிருந்து இறக்கச் சொன்னார்.